பழைய கிணற்றுக்குப் பாதித் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு பாதிக் கோட்டிலிருந்து வந்தது.

அரியலூரில் நான் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, வாத்தியார் ஒருவர் கரும்பலகையின் இடது மேல் மூலையில் சாக்பீஸை வைத்தார். "கம்பெனி புதுசா இருக்கறப்போ பங்கு போடறவன் நெறையக் கேப்பான். அது வளர வளரக் கொறச்சலாக் கேப்பான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கோட்டைச் சரிவாகக் கீழே இழுத்து வந்தார். கோடு பலகையின் நடுவுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. "மிச்சத்த நாளைக்குப் பாப்போம்" என்றார். மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு போகவே இல்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் சொல்லிப் பரிதாபம் சேர்க்கிற எண்ணமும் இல்லை.

கோட்டின் மறு பாதி எங்கே போனது என்பது 1986இல்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அரியலூருக்கு வெளியே, மருதையாறு மொசைக் சிப்ஸ் என்ற மில்லில், இரவு ஷிப்டில் லாரி எடை எழுதும் வேலையில் பத்து வருஷத்தை ஓட்டியிருந்தேன்.

நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. என் முதலாளி ராசாங்கம் சொன்னதையும், குன்னம் பக்கத்து மலர்கொடி சொன்னதையும் சேர்த்துத் தைத்தது இது. இருவர் சொன்னதும் பொருந்தாத இடத்தில் நானே ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒட்டு வெளியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்:

மருதையாறு மணலாகக் கிடந்த அந்தக் கோடையில், காலை வெயில் சுண்ணாம்புப் பாறைகளின் மேல்

(நிறுத்திவிட்டேன். அந்தக் கோடையின் வெயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

இரண்டாம் தொடக்கம்:

கம்பெனியும் மனிதனைப் போலத்தான். பிறக்கிறது, தவழ்கிறது, நிமிர்ந்து நடக்கிறது, வயதாகி எல்லோருடைய மரியாதையையும்

(இதையும் விட்டேன். மனிதனுக்கு வயதானால் பஸ்ஸில் எழுந்து இடம் தருவார்கள். கம்பெனிக்கு வயதானால் யாரும் எழுந்திருப்பதில்லை. ராசாங்கம் செய்த தப்பே இதுதான். கதை அதைச் சொல்வதற்கு முன்னால் நானே அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.)

மூன்றாம் தொடக்கம்:

ராசாங்கம் மில்லின் பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடிக்கச் சொன்னார்.*

இது நிற்கும். ஆனால் ஏன் அடிக்கச் சொன்னார் என்று புரிய, பதினாலு வருஷம் பின்னால் போக வேண்டும். சீக்கிரம் திரும்பிவிடலாம்.

* முதல் படியில் "சொன்னான்" என்று இருந்தது. அவர் கையால் சம்பளம் வாங்கியவன் எழுதினால் "சொன்னார்" என்றுதான் வருகிறது. திருத்திப் பார்த்தேன், முடியவில்லை.

3

1972. ராசாங்கத்துக்கு இருபத்தாறு வயது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கிடைக்கிற ஒரு பள்ளத்துக்குக் குத்தகைச் சீட்டும், பழைய கிரஷர் ஒன்றும் வைத்திருந்தார். கல்லை உடைத்துச் சலித்து, மொசைக் தரை போடுகிறவர்களுக்கு விற்க வேண்டும் என்பது திட்டம். மெஷினை ஓட்டக் கையில் காசு இல்லை. நண்பர் கொளஞ்சியப்பனிடம் ஒரு லாரி இருந்தது, கொஞ்சம் பணமும் இருந்தது. டீக்கடையில் பேசினார்கள்.

"எட்டாயிரம் தர்றேன். பாதிப் பங்கு எழுது."

"பாதியா? பள்ளம் என்னுது, மெஷினு என்னுது, நாயா ஒழைக்கப் போறவன் நானு. நீ சும்மா ஒக்காந்திருக்கறதுக்குப் பாதியா?"

"யோவ், கல்லு இருக்கு. வாங்குறவன் இருக்கானா? மெஷினு ஓடுமா? ஒரு மாசத்துல நீயே ஓடிட்டீன்னா நான் யாரத் தேடுறது? எல்லாத்துக்கும் சேத்துதான்யா பாதி."

ராசாங்கம் எழுதிக் கொடுத்தார். வேறு வழியில்லை.

1979. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கட்டிய வீட்டுக்கெல்லாம் மொசைக் தரை. மில்லில் மூன்று கிரஷர், இரண்டு ஷிப்டு. இப்போது ராசாங்கம் யாரையும் தேடிப் போகவில்லை. ஐந்து பள்ளிக்கூட வாத்தியார்கள் சேர்ந்து மில்லுக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் முத்துசாமி.

"பேங்க்ல நூத்துக்கு ஒம்பது தர்றான் சார். ஒங்க லாபத்துல பன்னெண்டு கணக்குக்கு வந்தாலே எங்களுக்குப் போதும். ஒங்க மில்லு நிக்கவா போவுது?"

ஆளுக்கு எட்டாயிரம் போட்டார்கள். அதே எட்டாயிரம். அதற்கு ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்து, கொளஞ்சியப்பனின் பாதியை ராசாங்கம் திரும்ப வாங்கினார். கொளஞ்சியப்பன் இன்னொரு லாரி எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். மில்லில் ராசாங்கத்துக்கு முக்கால், வாத்தியார்களுக்குக் கால்.

என் வாத்தியாரின் கோடு இதுவரை சரி. சரிந்து வந்திருக்கிறது. மணி அடித்த இடத்தில் நிற்கிறோம்.

4

1986 மாசியில் பள்ளத்தின் வெள்ளைப் படிவம் தீர்ந்தது. தோண்டத் தோண்ட மஞ்சள் கல். திருச்சி வியாபாரி லோடைத் திருப்பி அனுப்பினார். "இதப் போட்டா தரைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குங்குறாங்க" என்று சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டை வாங்கி வைத்தவன் நான்.

வழி ஒன்று இருந்தது. அதைச் சொன்னது ஒரு லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. முட்டை ஓடு கெட்டிப்பட, தீவனத்தோடு சுண்ணாம்புக்கல் குருணையைக் கலப்பார்கள்.

"கோழி கலர் பாக்காது மொதலாளி" என்றார் டிரைவர்.

குருணையாக அரைக்கிற பழைய மெஷின் சேலத்தில் விலைக்கு இருந்தது. நாற்பதாயிரம். ஆடி பிறப்பதற்குள் பணம் கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். போனால் மில்லை மூட வேண்டியதுதான். இருபத்து மூன்று பேருக்கு வேலை போகும். ராசாங்கத்துக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியமும் போகும்.

பேங்க் மேனேஜர் மஞ்சள் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார், ஃபைலை மூடினார். முத்துசாமி வாத்தியார், "போட்டது திரும்பி வந்தாப் போதும் சார், புதுசா வேணாம்" என்றார். மிச்சம் குன்னம் பக்கத்துக் குஞ்சம்மாள்தான். ராசாங்கத்தின் சோளக்காட்டுக்கு அடுத்த காடு அவருடையது. கணவர் இறந்த பிறகு தனியாகச் சின்ன வெங்காயம் போட்டு வந்தவர், அந்த வருஷம் வெங்காயம் விற்ற விலையில் கையில் காசு வைத்திருந்தார்.

அவரிடம் போவதற்கு முன்னால்தான் ராசாங்கம் பலகைக்கு வண்ணம் அடிக்கச் சொன்னார். '1972 முதல்' என்று புதிதாகச் சேர்க்க வேண்டும்.

"மொதலாளி, பேரு பெருசா வரணுமா, வருஷம் பெருசா வரணுமா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"ரெண்டையும் ஒரே சைசுல எழுதய்யா."

ராசாங்கத்தின் கணக்கு எளிமையானது. பிறந்த குழந்தையாக இருந்தபோது பாதி கேட்டார்கள். ஏழு வயதில் ஆளுக்கு இருபதில் ஒன்று கேட்டார்கள், நாற்பதாயிரத்துக்கு மொத்தம் கால். இப்போது பதினாலு வயது. இன்னும் குறைவாகத்தானே கேட்க வேண்டும்? இருந்தாலும் தாராளமாக எட்டில் ஒரு பங்கு தரலாம் என்று முடிவு செய்துகொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

5

வைகாசிக் கடைசி. காலை எட்டரை மணி. கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார். மகள் மலர்கொடி தூரத்தில் வாய்க்காலோரம் மண்வெட்டியோடு நின்றாள்.

"வாங்க தம்பி. போர்டுக்குப் பெயிண்டு அடிச்சீங்களாமே. பஸ்ல பேசிக்கிட்டாங்க."

"ஆமாக்கா. பதினாலு வருஷம் ஆச்சுல்ல."

"வருஷத்த எழுதிப் போடற அளவுக்கு என்ன கஷ்டம்?"

ராசாங்கம் சிரிக்கப் பார்த்தார். பிறகு சேலத்து மெஷினையும் நாமக்கல் கோழிகளையும் மஞ்சள் கல்லையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது அது. "நாப்பதாயிரம் போடுங்கக்கா. எட்டுல ஒரு பங்கு எழுதித் தர்றேன்" என்று முடித்தார்.

"பாதி" என்றார் குஞ்சம்மாள்.

"எதுல பாதி?"

"மில்லுல."

"அக்கா, வாத்தியாருங்க பங்கத் தொட முடியாது. ஒங்களுக்குப் பாதி குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? காலு! என் மில்லுல எனக்குக் காலு!"

"அந்தக் கணக்கு நீங்க போட்டுக்குங்க. நான் என் கணக்கச் சொன்னேன்."

"கொளஞ்சியப்பன் பாதி கேட்டான்னா அன்னிக்கு அங்க மில்லே கெடையாது. வெறுங்காடு. இன்னிக்கு இது பதினாலு வருஷ மில்லு. ஒரு நாளு நின்னதில்ல. வாத்தியாருங்க இருவதுல ஒண்ணு வாங்கிக்கிட்டு வாயத் தொறக்கலையே?"

"இப்பவும் அவங்ககிட்டயே கேக்கலாமே."

"கேட்டேன்."

"என்னன்னாங்க?"

ராசாங்கம் மடியிலிருந்த ஃபைலைப் புரட்டினார்.

"பாதிதான் தம்பி" என்றார் குஞ்சம்மாள், அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு.

ராசாங்கம் ஃபைலை மடித்து அக்குளில் இடுக்கினார். எழுந்துவிட்டார். "மூடுனாலும் மூடுவேன்" என்று சொல்ல வாயெடுத்தபோது, வளைவில் ஒன்பது மணி டவுன் பஸ் ஹாரன் அடித்தது. வாய்க்காலிலிருந்து மலர்கொடி சத்தமாகக் கேட்டாள்:

"மாமா! ஒம்பதாயிருச்சு. ஒங்க பக்கம் மடையத் திருப்பிடவா?"

6

உங்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். ராசாங்கமும் தன்னிடமிருந்து அதை மறைத்திருந்தார், அதனால் அவரோடு சேர்ந்து நானும் மறைத்தேன்.

1983. மழை இல்லை. குஞ்சம்மாளின் கிணறு வற்றியது. இருபது வருஷத்துக் கிணறு. வேட்டுப் போட்டு இன்னும் இரண்டு ஆள் ஆழம் இறக்க ஆறாயிரம் வேண்டும். அன்றைக்குக் காசு வைத்திருந்தவர் ராசாங்கம். அடுத்த காடு அவருடையது, தண்ணீர் அவருக்கும் உதவும்.

"இருவது வருஷக் கிணறு தம்பி. ஒரு காலத்துலயும் வத்துனதில்ல. கால் பங்குத் தண்ணி எடுத்துக்குங்க" என்று கேட்டது குஞ்சம்மாள்.

"பாதி" என்று சொன்னது ராசாங்கம்.

காரணமும் சொல்லியிருக்கிறார். இந்த வாக்கியத்தில் ஒட்டு இல்லை. ராசாங்கமும் மலர்கொடியும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"புதுக் கிணறுன்னா ஊத்து எங்க இருக்குன்னு தெரியாது. அவ்வளவுதான். பழைய கிணத்துல இருந்த ஊத்தே போயிருச்சு. கீழ தண்ணியா பாறையான்னு எவனுக்குத் தெரியும்? எது மோசம்னு நீங்களே சொல்லுங்கக்கா."

குஞ்சம்மாள் ஒத்துக்கொண்டார். கிணறு ஆழமானது, தண்ணீர் வந்தது. அன்றுமுதல் தண்ணீருக்கு ஒரு முறை வைத்தார்கள். கரண்டு காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வரும். ஒன்பது மணி பஸ் வரும்வரை தண்ணீர் குஞ்சம்மாள் காட்டுக்கு. பஸ் வந்ததும் மடையைத் திருப்பி ராசாங்கம் காட்டுக்கு. மூன்று வருஷமாக மலர்கொடி தினமும் செய்கிற வேலை அது. ராசாங்கம் ஆள் விட்டு விவசாயம் பார்ப்பவர். அந்த நேரத்தில் அவர் அங்கே நின்றது அதுதான் முதல் தடவை. எதிரே ஆளே நிற்கும்போது கேட்காமல் திருப்புவது மரியாதையில்லை என்று கேட்டாள். வேறு எந்த உள்நோக்கமும் இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள்.

7

"திருப்பு" என்று தான் சொன்னதாக ராசாங்கம் சொன்னார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினார் என்கிறாள் மலர்கொடி.

எப்படியோ, தண்ணீர் திரும்பியது. ராசாங்கத்தின் சோளக்கொல்லைக்குள் புகுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். ஃபைலைத் தரையில் வைத்தார்.

"பாதியே இருக்கட்டும்கா" என்றார்.

"இன்னொண்ணு. ராத்திரி ஷிப்ட நிறுத்திடுங்க."

"அது எதுக்கு?"

"ராத்திரியில எத்தன லாரி வருது?"

"இப்பல்லாம் ஒண்ணு. சில நாளு அதுவும் இல்ல."

"அந்த ஒண்ணுக்கு ஒருத்தன் விடிய விடிய முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கானா? பாவி."

அந்தப் பாவி நான்தான். இந்தக் கதையில் எனக்கு ஒரு சொந்த லாபம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாரத்திலிருந்து பகல் ஷிப்டு. பத்து வருஷத்துக்குப் பிறகு மத்தியானச் சோற்றை மத்தியானத்தில் தின்றேன்.

8

குஞ்சம்மாள்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எழுதியவரைக்கும் அவர் ரொம்பச் சரியாக இருக்கிறார். எப்போதும் சரியாக இருக்கிற ஆளை நான் நம்புவதில்லை.

முதல் படியில் அவர் ஒரு பக்கம் முழுக்கப் பேசினார். ராசாங்கத்தின் பழைய வார்த்தைகளை எடுத்து அவர் முகத்திலேயே வீசினார். படிக்க ஜோராக இருந்தது. ஆனால் அவர் அப்படிப் பேசவில்லை. 'பாதி' என்றார், வெங்காயம் அரிந்தார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஞாபகம் வந்தது ராசாங்கத்துக்கு. அவர் ஞாபகத்தைக் குஞ்சம்மாள் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொரு தகவல். மலர்கொடிக்குப் பதினாலு வயதாகும்வரை அவளை மடியில் உட்காரவைத்து அரை டிக்கெட்தான் எடுத்தார் குஞ்சம்மாள். கண்டக்டர் கேட்டால், "வளர்ச்சி சாஸ்தி, வயசு கம்மி" என்பார். மகான் இல்லை. அவர் மில்லின் வயதைக் கேட்கவேயில்லை என்பதையும் கவனியுங்கள். கல்லின் நிறத்தைச் சொன்னபோதுதான் காது கொடுத்தார்.

9

(இங்கே கொஞ்சம் கட்டுரை. வேண்டாதவர்கள் பத்தாம் பகுதிக்குப் போகலாம்.)

கடன் கொடுத்தவனின் கூலி தாளில் எழுதியிருக்கும். பங்கு போட்டவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால் அவனுக்கு, மிஞ்சாவிட்டால் அவனுக்குக் கைகழுவத் தண்ணீர். ஆகவே அவன் கேட்கிற விலை, தெரியாததற்குக் கேட்கிற கூலி. பிறந்த கம்பெனியில் எதுவும் தெரியாது, நிறையக் கேட்கிறான். ஓடுகிற கம்பெனியில் நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்று தோன்றுகிறது, பேங்க் வட்டிக்குமேல் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்கிறான். தேய்கிற கம்பெனியில் தெரிந்ததெல்லாம் பழசாகிவிடுகிறது. மறுபடியும் தெரியாது. இந்தத் தடவை கணக்குப் புத்தகம் நிறைய இருந்தும் தெரியாது.

வாத்தியாரின் கோடு அதனால் கீழேயே போய்க்கொண்டிருக்காது. நடுவில் தொய்ந்து மறுபடி மேலே ஏறும், துணி காயப்போடுகிற கொடிக்கயிறு மாதிரி. பழசானால் எல்லாமே ஏறிவிடும் என்றும் இல்லை. வெள்ளைப் படிவம் தீராமல் இருந்திருந்தால், பதினாலு வருஷ மில்லுக்கு முத்துசாமி வாத்தியார் நூற்றுக்குப் பத்து வந்தால் போதும் என்றுகூடப் பங்கு போட்டிருப்பார். எண்ண வேண்டியது வருஷத்தை அல்ல. மில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் இதைச் சொல்லியிருப்பார். பத்து வருஷம் தாமதமாக வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10

முடிவுகள்.

அ. ராசாங்கம் கோபத்தோடு கிளம்பிப் போகிறார். மில் மூடப்படுகிறது. கிரஷரின் வாயில் எருக்கு முளைக்கிறது. பலகையில் '1972 முதல்' மட்டும் மழையில் கரையாமல்

(இதைத்தான் முதலில் எழுதினேன். இழவு வீட்டில் முடிந்தால்தான் கதை என்று ஒரு பழக்கம். எருக்கு முளைக்கவில்லை. வெட்கத்தோடு அடிக்கிறேன்.)

ஆ. நாமக்கல் கோழிகள் எல்லாம் எங்கள் குருணையையே கேட்கின்றன. ராசாங்கம் கார் வாங்குகிறார். குஞ்சம்மாள் முழு டிக்கெட்

(கோழிகளைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது.)

இ. நடந்தது. பத்திரம் எழுதிய மறுநாள் ராசாங்கம் மில்லுக்கு வந்தார். முக்கால் வைத்திருந்த மனுஷன் காலாகக் குறைந்து வருகிறாரே, முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எடைமேடைக்குப் பின்னால் நின்றிருந்தோம். வந்தவர் டீ சொன்னார். பன்னுக்கும் சொன்னார். இரண்டு மாதமாக அவர் மில்லில் எதுவும் தின்று நாங்கள் பார்த்ததில்லை.

"என்ன மொதலாளி, பாதிய எழுதிக் குடுத்துட்டு இப்படித் திங்கறீங்க?" என்று நான்தான் கேட்டேன். பத்து வருஷ உரிமை.

"முக்காப் பங்கு வச்சிருந்தப்போ முக்காப் பயமும் என்னுதுய்யா. இப்பக் காவாசிப் பயம்தான். மிச்சத்தை அந்தம்மா பாத்துக்கட்டும்." பன்னை டீயில் நனைத்தார். "வெங்காயம் அரியறப்பகூட அது கண்ணு கலங்கல."

11

சேலத்து மெஷின் வந்தது. மஞ்சள் கல் குருணையானது. முதல் லோடுக்குப் பகல் பதினோரு மணிக்கு நானே எடை எழுதினேன். குஞ்சம்மாள் வந்து சாக்கில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டார். லாரி கிளம்பி நாமக்கல் பக்கம் போனது. பண்ணைக்காரர் பத்து நாள் கோழிக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் உங்களுக்கும் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு பங்குக்கு விலை கேட்பது யோக்கியமில்லை.

உங்கள் கையில் எட்டாயிரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் இன்று மூன்றாம் நாள். மில் உங்கள் எதிரே இருக்கிறது. பள்ளத்தில் மஞ்சள் கல், வாசலில் புதுப் பலகை, உள்ளே பழைய மெஷின், எடைமேடையில் பகலில் விழித்திருக்கிற ஒருவன். எவ்வளவு பங்கு கேட்பீர்கள்? நீங்கள் கேட்கிற அளவுதான் இந்தக் கதைக்கு நீங்கள் எழுதுகிற முடிவு. இருபதில் ஒன்று என்றால் கோழிகளை நம்புகிறீர்கள். பாதி என்றால் குஞ்சம்மாளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டிலும் எனக்கு வருத்தமில்லை. பங்கு போட்ட நிமிஷத்திலிருந்து நீங்களும் எங்களோடு காத்திருக்கிற ஆள்தான். எங்கள் பயத்தில் அத்தனை குறையும்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள்.

பங்கு: ____________